மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு வண்டிகள்

எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்ததுமே வண்டி வாயைத் திறந்தது.

“உரிமையாளரே, இந்தக் கனியில் அமிலம் உள்ளது. சக்கரத்தின் ரப்பர் கெடும். மதிப்பு இறங்கும். தயவுசெய்து அகற்றவும்.”

நாதசுரக்காரர் வாசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சென்னியப்பன் குனிந்து பழத்தை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர். பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போக வண்டி கொண்டுவந்திருந்தார். வண்டி இன்னும் ஒரு அடிகூட நகரவில்லை.

“ஏனுங் மாமா, எலுமிச்சங்காய்க்கே இந்தப் பயம் பயப்படுது. இது மாப்பிள்ளையச் சொமக்குமுங்களா?” என்றான் லோகநாதன். சென்னியப்பனின் மனைவிக்குத் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன். அவனும் ஒரு வண்டி கொண்டுவந்திருந்தான்.

“உன்ற வண்டிக்கு அடியில வெச்சுப் பாரு மாப்ள, அப்பறம் பேசு.”

லோகநாதன் அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தான். பழம் மூன்றடி தூரத்தில் வரும்போதே அவன் வண்டி கண்ணாடிகளை ஏற்றி, விளக்குகளை அணைத்து, செத்ததுபோல் படுத்துக்கொண்டது.

மதிப்புக்காவலன் வந்தபிறகு உலகம் இப்படித்தான் நடக்கிறது. அதாவது நடக்காமல் நிற்கிறது. கடுகளவு சில்லு அது. விலை கூடிய எந்தப் பொருளுக்கும் அதைப் பொருத்தாவிட்டால் காப்பீடு கிடையாது. இந்த நொடியில் என்னை விற்றால் என்ன கிடைக்கும் என்று சந்தையிடம் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். விலை குறையும்படியான காரியம் எதையும் செய்யவிடாது. பட்டுப்புடவை சாம்பார் வாளியைக் கண்டால் அலறும். இழைத்துச் செய்த தேக்குக் கட்டில், ஆள் ஏறினால் சாய்த்துக் கீழே தள்ளும். அப்படிப்பட்ட கட்டில் வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். விலையில்லாத சாமான் வைத்திருந்தவன் மட்டும்தான் அதில் உட்கார்ந்தான், படுத்தான், ஒடித்தான், ஒட்டினான்.

வண்டிகளின் கதை இன்னும் மோசம். ஓடினால் தேய்மானம் என்பதால் பெரிய வண்டி எதுவும் தன் சக்கரத்தில் சாலைக்கு வருவதில்லை. லாரியில் ஏற்றி, வாரால் இழுத்துக் கட்டி, ஊர்வலம்போல் கொண்டுபோவார்கள். லாரிக்காரி மயிலாத்தாளுக்கு அதுதான் பிழைப்பு. முன்பு அவள் லாரியில் செங்கல் ஏற்றினாள். இப்போது கார் ஏற்றுகிறாள். செங்கல்லுக்கு இத்தனை பவுசு கிடையாது என்பாள். இன்றைக்கும் இரண்டு வண்டிகளையும் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, லாரியை ஓரமாகப் போட்டு, முன்சீட்டில் கால் நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் சிறியது. கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த வண்டி என்பதில் மாமனும் மைத்துனனும் ஆறு மாதமாகச் சண்டை. இரண்டையும் கோயிலுக்குக் கொண்டுவருவோம், எது தன் சக்கரத்தில் மாப்பிள்ளையை மண்டபம் சேர்க்கிறதோ அதுதான் வண்டி, மற்றதன் சொந்தக்காரன் இனி எந்த விசேஷத்திலும் வண்டிப் பேச்சு எடுக்கக்கூடாது என்று முடிவாகியிருந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். அதற்குமேல் ராகுகாலம். மணமேடையில் பெண் காத்திருந்தாள். மாப்பிள்ளை தரணிதரன் தலைப்பாகையோடு கோயில் நிழலில் குடைக்கடியில் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தான். அவனைப் பெற்ற காளியண்ணன் ஒரு சொல் சொல்லியிருந்தார்.

“என்ற பையன் நடந்து வரமாட்டானுங்க சம்பந்தி. வெயில் படக்கூடாது, கால்ல மண்ணு படக்கூடாது. வண்டியில கூட்டிட்டுப் போனா கல்யாணம். இல்லீன்னா வந்த வழியே கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

ஆகவே சென்னியப்பனுக்கு வண்டி ஓட வேண்டும். பெண்ணின் கல்யாணம் அந்த வண்டியின் சாவித்துளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடையது பார்ன்ஹில். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. படகுபோல் நீண்ட முகம், தவளைக் கண்போல் பிதுங்கிய விளக்குகள், இருபுறமும் ஏறி நிற்கப் படிப்பலகை, பூம் பூம் என்று அமுக்கும் ரப்பர் ஊதல். ஏதோ ஒரு ஜமீனின் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கடியில் எழுபது வருஷம் கிடந்தது. அதனால்தான் அதற்கு விலை. மேலே படிந்திருந்த தூசிகூட அசல் தூசி. ஒருதரம் வீட்டுக்காரம்மாள் ஈரத்துணியால் முன்பக்கம் துடைத்துவிட்டாள். துடைத்த இடத்துக்கு விலை விழுந்தது. அதிலிருந்து அந்த அம்மாளுக்கு வீட்டு வண்டிக்கொட்டகைக்குள் அனுமதியில்லை. சென்னியப்பனுக்கு உண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு.

லோகநாதனுடையது வல்லூறு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார்பன் நார் உடம்பு. கண் இமைத்துத் திறப்பதற்குள் நூறைத் தொடும், இன்னொரு இமைப்பில் இருநூறைத் தாண்டும் என்று விளம்பரம். தொட்டதை லோகநாதன் பார்த்ததில்லை. தொழிற்சாலை வாசலிலிருந்து லாரிவரை ஓடியதுதான் அது மொத்தம் ஓடிய ஓட்டம். இருக்கையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. சாயங்காலங்களில் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே உட்கார்ந்ததுபோல் நினைத்துக்கொள்வான்.

“மாமா, உள்ளதைச் சொல்லுங்க. உங்க வண்டிக்குக் கிளம்பறதுக்கே இரும்புக் கம்பிய முன்னாடி உட்டுச் சுத்தோணும். என்றது நெனைச்சாலே போகும்.”

“நெனைச்சு நெனைச்சு எவ்வளவு தூரம் போயிருக்குது மாப்ள?”

“அது வேற பேச்சு.”

“என்ற வண்டியில ஆறு பேரு குடும்பத்தோட உக்காரலாம். உன்றதுல ஒருத்தன் மடிஞ்சு உள்ள போனா, வெளிய எடுக்க ரெண்டு ஆளு வேணும். வேட்டி கட்டுன மாப்பிள்ளைய அதுக்குள்ள எப்படிடா நுழைப்பே?”

“நுழைச்சா ஆறு நொடியில மண்டபம்.”

“ரெண்டு வேகத்தடை இருக்குது வழியில. உன்ற வண்டி வயிறு கோலத்துமேல போனாலே தட்டும்.”

லோகநாதனுக்குச் சுருக்கென்றது. “இருக்கட்டுமுங்க. எம்பட வண்டி புதுசு. உங்களுது பொணம். பொணத்துக்கு மாலை போட்டுத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

“மாலை எங்கடா போட்டேன்? பூவுல பால் இருக்குது, சாயம் போயிரும்னு அதையும் போடவிடலையே இந்தச் சனியன்!”

லாரியின் முன்சீட்டிலிருந்து மயிலாத்தாள் சிரித்தாள். “ஏனுங்க, ரெண்டு பேரும் ஓடாத வண்டிய வெச்சுட்டு எது நல்லா ஓடும்னு பேசறீங்க. மணி ஒம்பதே முக்காலாவுது.”

காவலனை விலக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பொட்டு உண்டு. உரிமையாளர் அதில் ரேகையை வைத்து, “இந்த நட்டம் எனக்குச் சம்மதம்” என்று வாய்விட்டுச் சொன்னால் அது ஒதுங்கிக்கொள்ளும். சட்டம் கேட்டதற்காக வைத்த வழி அது. யாராவது ரேகை வைத்ததாக அந்த வட்டாரத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

சென்னியப்பன் பார்ன்ஹில்லின் கதவோரத்துப் பொட்டின்மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனார். காவலன் பாங்கிக்காரன் குரலில் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. தூசி கலைவதால் இவ்வளவு. அசல் தோல் இருக்கையில் மாப்பிள்ளையின் எடை இறங்குவதால் இவ்வளவு. எழுபது வருஷமாக ஓடாத எந்திரம் என்ற பெருமை போவதால் இவ்வளவு. கூட்டுத்தொகையைச் சொன்னபோது அவர் விரல் பொட்டுக்கு மேலே, ஒரு நூல் இடைவெளியில், நின்றது. அவருடைய தாத்தா பஞ்சுமூட்டை சுமந்தவர். முதுகில் தழும்பு இருந்தது. அவர் இருந்திருந்தால் வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டாவது கொள்ளுப்பேத்தியின் கல்யாணத்தை நடத்தியிருப்பார். சுமந்தவருக்கு அது சாமான். சேர்த்தவருக்கு அது உடம்பு. விரல் இறங்கவில்லை.

“நீ வெய்யி மாப்ள. தாய்மாமன். உனக்குத்தான் கடமை.”

லோகநாதன் வல்லூறின் பக்கம் போனான். “பிளாஸ்டிக் உறை கிழியும் வாய்ப்பு உள்ளது” என்று அது ஆரம்பித்ததுமே கையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “பொண்ணு உங்களுதுங்க மாமா” என்றான்.

இருவரும் கொஞ்சநேரம் பிள்ளையாரைப் பார்த்தார்கள். அவர் எலி வைத்திருந்தார். கவலையில்லை.

கடைசியில் மயிலாத்தாள்தான் இறங்கி வந்தாள், வாடகை நேரம் ஓடுகிறது என்பதற்காக. “ரெண்டையும் மறுபடி மேல ஏத்தறேன். நடுவுல ஒரு சேர் போட்டு மாப்பிள்ளைய உக்கார வெய்யிங்க. வண்டியில போனமாதிரியும் ஆச்சு, ரெண்டு வண்டியோட போனமாதிரியும் ஆச்சு.”

காளியண்ணன் யோசித்தார். பிறகு லாரித்தளத்தைச் சுற்றி வந்து பார்த்து, நாற்காலியை அசைத்துப் பார்த்து, மகனை அதில் உட்காரவைத்து, கார்களைக் கட்டுகிற அதே வாரால் அவன் இடுப்பையும் நாற்காலியோடு இழுத்துக் கட்டினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

“கோழி ஏத்தறப்பக்கூட நான் இத்தனை கட்டுக் கட்டுனதில்லீங்” என்றாள் மயிலாத்தாள்.

“உனக்குத் தெரியாது. பேசாம ஓட்டு.”

அப்படித்தான் கிணத்துக்கடவில் அந்த மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. முன்னால் நாதசுரம். பின்னால் லாரி. லாரிமேல் இடப்பக்கம் பழமை, வலப்பக்கம் புதுமை, நடுவில் கட்டிப்போட்ட தரணிதரன். இரண்டு பக்கமும் நடந்தே வந்த உரிமையாளர்கள் வியர்த்துப் போனார்கள். முதல் வேகத்தடையில் லாரி குலுங்கியபோது பழைய வண்டி “மெதுவாக” என்றது, புதிய வண்டி “மெதுவாக” என்றது. வாழ்க்கையில் முதல்தரம் இரண்டும் ஒன்றையே சொல்லின. டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், “இதுல எதுங்க விக்கறது?” என்று கேட்டார்.

பத்து மணிக்கு மண்டப வாசல் வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சென்னியப்பன் மூச்சை விட்டார். கட்டை அவிழ்த்து, சாய்பலகை வழியாக மாப்பிள்ளையை இறக்கினார்கள். ஆரத்தி காட்டினார்கள். தரணிதரன் வலதுகாலை எடுத்து வாசற்படிக்கு மேலே தூக்கினான். கால் அங்கேயே நின்றது.

ஒற்றைக்காலில் கொக்குபோல் நின்றான். கையும் அசையவில்லை. இடுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

“உரிமையாளர் காளியண்ணன் அவர்களே, கவனிக்கவும். இந்தப் படியைத் தாண்டினால் இவருக்குத் திருமணம் ஆவது உறுதி. திருமணம் ஆனபின் வரன் சந்தையில் இவருடைய மதிப்பு சுழியம். மறுவிற்பனையில் இரண்டாங்கை வகையில் சேர்வார். எனவே இயக்கம் நிறுத்தப்பட்டது.”

ஆரத்தி காட்டியவள் தட்டோடு பின்வாங்கினாள்.

காளியண்ணன் தோள்துண்டால் மகனின் இடுப்பை மறைத்தார். பையனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்த வருஷம், அரைஞாண் கயிற்றோடு கோத்துப் போட்டது அது. மனிதர்களுக்கான காவலன். வெயிலில் திரிந்தால் நிறம் போகும், பந்து விளையாடினால் பல் போகும், கண்டவளோடு பேசினால் பேர் போகும். எது நடந்தாலும் வரன் சந்தையில் விலை விழும். நரம்பைப் பிடித்து நிறுத்திவிடும். எத்தனையோ வீட்டில் சத்தமில்லாமல் போட்டிருந்தார்கள். விலை ஏறுமா என்று கேட்டு வாங்கினார்கள். விற்கிற அன்றைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. விற்றவனும் சொல்லவில்லை.

“ரேகைய வெச்சு விலக்குங்க சம்பந்தி” என்று சென்னியப்பன் பாய்ந்தார். “நேரம் போகுது.”

காளியண்ணன் மகனின் இடுப்பருகே குனிந்தார். கட்டைவிரலை நீட்டினார்.

“ஊர்வலத்தில் இரண்டு உயர்ரக வாகனங்களுடன் காணப்பட்டதால் இவருடைய மதிப்பு காலையிலிருந்து உயர்ந்துள்ளது” என்றது காவலன். “சற்றுமுன் ஈரோட்டிலிருந்து புதிய விசாரிப்பு ஒன்று வந்துள்ளது. இந்த நேரத்தில் நட்டத்துக்குச் சம்மதிப்பது உங்கள் நலனுக்கு உகந்ததல்ல.”

விரல் நின்றது.

“ஈரோட்டுல யாருன்னு சொல்லுதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார் காளியண்ணன்.

“சம்பந்தி! என்ற பொண்ணு மேடையில உக்காந்திருக்குதுங்க! பையனுக்கு வெலையா பாக்கறீங்க? ஒரு வெரலு வெக்கறதுக்கு இத்தனை ரோசனையா?”

காளியண்ணன் நிமிர்ந்தார். லாரிமேல் நின்ற இரண்டு வண்டிகளையும் காட்டினார். “நீங்க வெச்சீங்களா?”

சென்னியப்பன் வேட்டி மடிப்பிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் தொட்டுப் பார்த்தார். லோகநாதன் சட்டைப்பைக்குள் இருந்த கையை இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டான்.

பத்தேகால். உள்ளே சத்தம் போய்ச் சேர்ந்து, மணப்பெண் பூவிழி மேடையைவிட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். பின்னால் பெண்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். அவள் கட்டியிருந்த கூறைப்புடவை, “படியில் எண்ணெய், படியில் எண்ணெய்” என்று அலறிற்று. அவள் கொசுவத்தைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். மாப்பிள்ளையை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதந்தானுங்களே?”

“எனக்குங்களா?” தரணிதரனுக்குக் கண் விரிந்தது. “என்னையவா கேக்கறீங்க?”

“ஆமாங்.”

“சம்மதமுங்க. போட்டோ பார்த்தன்னைக்கே சம்மதமுங்க. கால்தான் வரமாட்டேங்குது.”

“கை?”

“அதுவும் இல்லீங்.”

தாலி கட்டவேண்டிய கை, பூசணிக் கொடிக்கு நட்ட குச்சிபோல் நீட்டிக்கொண்டு நின்றது. பூவிழி ஒரு நொடி யோசித்தாள். விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு நகையாக மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தரமும் புடவையிலிருந்த காவலன், “தங்கம் சேர்ந்துள்ளது, தோற்ற மதிப்பு உயர்வு, நன்றி” என்று சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. குறைந்தால்தான் கத்தும். ஏறினால் நன்றி சொல்லும்.

“அந்தத் தட்டை இங்க கொண்டாங்க” என்றாள்.

தேங்காய்மேல் சுற்றியிருந்த தாலியை எடுத்தாள். யாருக்கும் என்ன நடக்கிறது என்று புரிவதற்குள், ஒற்றைக்காலில் நின்ற மாப்பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். நாத்தனாரைத் தேட நேரமில்லை. மூன்று முடிச்சையும் அவளே போட்டாள். பழக்கதோஷத்தில் நாதசுரக்காரர் கெட்டிமேளம் வாசித்துவிட்டார். பழக்கதோஷத்தில் கூட்டமும் அட்சதை போட்டுவிட்டது.

“தங்கம் சேர்ந்துள்ளது. மதிப்பு உயர்வு. நன்றி” என்றது மாப்பிள்ளையின் இடுப்பிலிருந்த காவலன். கொஞ்சம் நிறுத்தியது. “பொருள் தாலி என்று அறியப்படுகிறது. உரிமை மாற்றம் பதிவாகிறது. முந்தைய உரிமையாளர் காளியண்ணன் விடுவிக்கப்பட்டார். புதிய உரிமையாளர் பூவிழி. வரன் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கம். இனி வீட்டு உபயோகம்.”

சில்லுக்கு விதி எழுதியவர்கள் புதிதாக எதையும் எழுதவில்லை. ஊரில் நடப்பதைத்தான் எழுதியிருந்தார்கள். தாலி கட்டியவருக்குக் கட்டப்பட்டவர் சொந்தம். யார் யாருக்குக் கட்டுவது என்பதை எழுதவேண்டிய அவசியம் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

தரணிதரனின் கால் தொப்பென்று படியில் இறங்கியது. கையை மடக்கிப் பார்த்தான். நீட்டிப் பார்த்தான். சிரித்தான்.

காளியண்ணன் சிரிக்கவில்லை. “அம்மிணி, சரி, நல்ல காரியம் பண்ணுனே. இப்ப அதைக் கழட்டு கண்ணு. ஆம்பளப் பையன் தாலியோட நிக்கறான், ஊரே பாக்குது. கழட்டி அவன் கையில குடு. அவன் முறையா உனக்குக் கட்டட்டும்.”

பூவிழி முடிச்சில் கை வைத்தாள்.

“எச்சரிக்கை” என்றது காவலன். “தங்கத்தை அகற்றினால் மதிப்பு இறங்கும். மேலும், இவர்மேல் உங்களுக்கு உள்ள உரிமை முழுவதும் நீங்கி, முந்தைய உரிமையாளர் காளியண்ணனிடமே திரும்பும். நட்டத்துக்குச் சம்மதமானால் ரேகை வைக்கவும்.”

எல்லோரும் அவள் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

“வெச்சுரு சாமி. ஒரு வெரலுதானே” என்றார் சென்னியப்பன்.

பூவிழி விரலை நீட்டினாள். கண்ணாடிப் பொட்டுக்கு மேலே, ஒரு நூல் இடைவெளியில், அது நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். தரணிதரன் குனிந்து அவள் காதருகே, “வெச்சுராதீங்க. திரும்பி எங்க அப்பாகிட்டப் போறதுக்கு இது தேவலாமுங்க” என்றான்.

விரல் மடங்கியது.

“அவசரப்பட்டு வெக்கற ரேகை இல்லீங்களே மாமா” என்றாள் காளியண்ணனிடம், ரொம்ப மரியாதையாக. “முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுது. மொதல்ல சாப்பிடலாம். அப்பறம் யோசிச்சுச் சொல்றேனுங்க.”

பந்தி இருந்த பக்கம் நடந்தாள். தாலியைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போனான்.